வறண்டிருக்க வேண்டிய மடை

மணல் லாரிகள் ஓயும்வரை காத்திருப்போம்.
புதாற்றுக் கரையில் ஒரு லோடு போனால்
மேசைமேல் கண்ணாடிகள் மயிரிழை அசையும்.
மயிரிழை என்பது எங்களுக்கு ஒரு மைல்.
தஞ்சாவூர் தூங்கிய பிறகுதான்
எங்களுக்கு விடிகிறது.

நிஜாமுதீன் கூத்தாநல்லூர்க்காரன்.
அவன் கொண்டுவந்த தம்ரூட்
ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது.
இன்றிரவு உறுதியாகத் தெரிந்த ஒரே முடிவு அது.

இரண்டு ஊசித் துளைகள்,
பின்னால் வெளிச்சம்.
அவ்வளவு நெருக்கம்; நுண்ணோக்கியில்
வேர்வையில் இழுகிய ஒரே பொட்டு.
லென்சைத் துடைத்துப் பயனில்லை.
மதகை விட்டு வரும் தண்ணீர்
மதகின் அகலத்திலேயே போவதுண்டா?
விரியும்.
வாய் குறுகக் குறுக விரிவு கூடும்.
ஒளியும் அப்படித்தான்.
இந்த நெருக்கத்துக்குள் இரண்டையும் ஒன்றென்றே கொள்க என்று
நூறு வருஷத்துக்கு முன்பே வகுத்துவிட்டார்கள்.
பாடப் புத்தகத்தில் பெட்டி கட்டியிருக்கும்.
நானும் எழுதியிருக்கிறேன், ஐந்து மதிப்பெண்ணுக்கு.

ஆகவே பார்ப்பதை நிறுத்தினோம்.
வந்த ஒளியை இரண்டாகப் பிரித்தோம்,
முக்கொம்பில் ஆறு பிரிகிற மாதிரி.
ஒரு கிளையை இடம்வலமாகப் புரட்டி
மற்றதோடு மறுபடி சேர்த்தோம்.
உவமை இங்கே கரை உடைகிறது:
ஆற்றுக்கு முறைப்பாசனம் உண்டு,
ஆறு நாள் இவருக்கு, ஆறு நாள் அவருக்கு.
ஃபோட்டானுக்கு முறை கிடையாது.
ஒற்றை ஆளாக வந்து
இரண்டு வாய்க்காலிலும் போய்
சேருமிடத்தில் தன்னையே சந்திக்கிறது,
தன்னோடு தன்னைக் கூட்டுகிறது,
அல்லது கழித்துக்கொள்கிறது.

சேருமிடத்தில் இரண்டு மடை.
விளக்கு ஒன்றேயானால், அதுவும் நட்டநடுவில் இருந்தால்,
முதல் மடையில் வெள்ளம்,
அடுத்தது கட்டாந்தரை.
விளக்கு இரண்டானால் மட்டும்
அந்தக் கடைமடையில்
எப்போதாவது ஒரு சொட்டு.

ஒரு வாரமாக அங்கேதான் குந்தியிருக்கிறோம்.
வெள்ளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினொன்றரை. எண்காட்டி ஏறியது.
நிஜாம் எழுந்துவிட்டான்.
உட்காரு என்றேன்.
விளக்கை மூடிவைத்தாலும் இந்தக் கருவி உளறும்,
நொடிக்கு இருபது என்று அதற்கொரு கணக்கு.
உளறலைக் கழித்த பிறகுதான் பேச்சு.

கழிக்கும் முன்னே
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கொஞ்சம் முனகி அடங்கியது.
லேசர் மறுபடி நிதானத்துக்கு வர
ஒரு மணி நேரமாவது வேண்டும்.

மொட்டைமாடிக்குப் போனேன்.
பூதலூர்ப் பக்கமிருந்து கரையோடு ஒரு வெளிச்சம்.
ஒன்று.
மொபெட்டா லாரியா, சொல்ல முடியாது.
என் கண்மணிக்கும் அதே சட்டம்தானே.
எந்தக் கணம் என்று சொல்லமுடியாத ஒரு கணத்தில்
அது இரண்டானது.
லாரிதான் என்று முடிவுகட்டி
வாயில் வசவைத் தயார் செய்தேன்.

வந்தவை இரண்டு டிவிஎஸ் வண்டிகள்.
முதுகுயரத்துக்கு வாழையிலைக் கட்டு, காலை மார்க்கெட்டுக்கு.
சாலை முழுக்கக் காலியாகக் கிடக்க
இருவரும் கைப்பிடிகள் உரசும் அளவுக்கு ஒட்டி வந்தார்கள்,
ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்க வேண்டுமே.
ஒருவர் ஏதோ சொன்னார்.
மற்றவர் சிரித்துக்கொண்டே லேசாக விலகி
மறுபடி பக்கத்தில் வந்தார்.
எதிர்த்திசையில் போய் மீண்டும் ஒன்றாகும்வரை
அங்கேயே நின்றேன்.

நாலரைக்கு எண்ணி முடித்தோம்.
“தையல், கழிச்சது போக மூணு.”
நொடிக்கு மூன்று.
இரண்டு துளைதான்.
இடைவெளியைத் தனித்தனியே கணக்கிட்டோம்,
விடை ஒத்துவரவில்லை.
அவன் ஓரிடத்தில் இரண்டால் வகுக்க மறந்திருந்தான்.
வகுத்ததும் ஒத்தது.
பத்து முறை எண்ணினால்தான் நம்புவேன் என்றேன்.
அவன் பதினொன்று என்றான்.

இரண்டாவது முறைக்குப் பாதி வழியில்
முதல் லாரி வந்தது.
மேசை நடுங்க,
கடைமடையெங்கும் வெள்ளம்.
நிஜாம் எண்காட்டியை அணைத்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்து
ஒட்டியிருந்ததை வழித்தான்,
விரலில் பாதி எனக்கு.